அடுத்த விரதம்

உதில இரும் தங்கச்சி. இல்லை, உதில்லை, சால்வை கிடக்கிற இடம் என்ர மகளுக்கு. இங்கால இரும். நிலம் குளிரும், சீலையைக் கொஞ்சம் கூட்டி மடிச்சுக்கொண்டு இரும். இன்னும் பந்தி தொடங்கேல்லை. மேல ஐயர் பூசை முடிச்சுத் தீர்த்தம் குடுத்தால்தான் இங்க கீழ சோத்துக் கிடாரத்தைத் திறப்பினம். ஆறு நாள் இருந்தாச்சு, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேலாதே, என்ன?

நீரும் கந்த சஷ்டி பிடிச்சனீரோ? ஒருநேரம் சாப்பிட்டோ? பரவாயில்லை. ஆஸ்பத்திரியில நேர்ஸ் எண்டுறீர், நாள் முழுக்க நிண்டு வேலை செய்யிற ஆக்களுக்கு அது காணும், போதும். முருகன் கோவிக்கமாட்டார். நான் பாலும் பழமும். என்ர மகள் மிளகும் தண்ணியும். ஓம், ஆறு நாளும். போன வருசம் அவளும் என்னைப்போலப் பாலும் பழமும்தான். இந்த வருசம் அது கூடிப்போச்சாம். இந்தக் கோயில்ல மிளகு விரதம் இருந்த ஆக்களில அவள்தான் ஆக இளையவள் எண்டு நேற்றைக்கு ஐயரே மைக்கில சொன்னவர். எல்லாரும் திரும்பிப் பாத்தவை. எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியாமல் சீலைத் தலைப்பைச் சரிபண்ணிக்கொண்டு நிண்டன்.

இப்ப எங்கயோ? மேல உள்வீதி சுத்துறாள். காலமை இவர் எங்களை வாசல்ல இறக்கிப்போட்டு வேலைக்குப் போனவர், அப்ப தொடங்கினவள். நானும் கூடச் சுத்திப் பாத்தன், ஏலாமல் கீழ வந்திட்டன். இருக்கச் சொன்னால் இருக்கமாட்டாள். வீட்டிலயும் அப்பிடித்தான். புத்தகத்தைக் கையில பிடிச்சுக்கொண்டு அறைக்குள்ள நடந்து நடந்துதான் படிப்பாள்.

ஓம், நீலப் பஞ்சாபிச் சட்டைக்கு மேல தடிச்ச சுவெற்றர் போட்ட பிள்ளை. அவள்தான் ஆரபி. நீர் மேல பாத்தனீரோ? மெலிஞ்சிருக்கிறாள் எண்டுதானே சொல்லப் போறீர். எல்லாரும் அதைத்தான் சொல்லுகினம். முதல் குண்டாய் இருக்கேக்க, ஐயோ பிள்ளையைக் கொஞ்சம் நடக்க விடன் எண்டு சொன்ன வாயள்தான். நான் ஒருத்தருக்கும் மறுமொழி சொல்லுறேல்லை. வீட்ட போய்ச் செத்தல் மிளகாயும் உப்பும் சுத்திப் போட்டால் சரி.

உமக்குப் பிள்ளையள் சின்னன் எண்டுறீர். அப்ப கேட்டுவையும், உதவும். இந்த நாட்டில பிள்ளை வளர்க்கிறதெண்டால் எங்கட கையில ஒண்டும் இல்லை. நல்ல பிள்ளை, படிக்கிற பிள்ளை எண்டு நாங்கள் நிம்மதியாய் இருப்பம், அது ஒருநாள் வேற எங்கயோ நிக்கும். ஆரபியும் அப்பிடி நிண்டவள்தான். முருகன்தான் திருப்பித் தந்தவர்.

அவள் சின்னனில இருந்தே புத்தகப்பூச்சி. எதைத் தொட்டாலும் நூற்றுக்கு நூறு எடுக்கவேணும், ஒண்டு குறைஞ்சால் அண்டைக்கு வீட்டில கதை இல்லை. டொக்டர் ஆகிறதெண்டு நாங்கள் சொல்லித் தரேல்லை, அவளே சொன்னவள். நான் பேக்கரியில பின்னேர வேலை. வீட்டில தனிய விடப் பயத்தில, கொம்மியூனிற்றி சென்ரரில இருக்கிற லைப்ரரியில கொண்டுபோய் விட்டிட்டுப் போவன். கதவடியில சனம் போய் வரும், படிக்கேலாதெண்டு பாத்து, மேல ஆகலும் பின்னுக்குக் கண்ணாடியடியில ஒரு மேசை பிடிச்சுக் குடுத்ததும் நான்தான். அந்தக் கண்ணாடிக்கு அங்கால கீழ என்ன இருக்கெண்டு நான் எட்டிப் பாக்கேல்லை.

ஐஸ். அங்கதான் ஸ்கேற்றிங் பழக்கிறவை.

அவள் என்ன செய்தவள் தெரியுமோ? மற்றப் பிள்ளையளெண்டால் ஆசை வந்தவுடன ஓடிப்போய் விழுந்தெழும்பிப் பழகும். இவள் முதல் படிச்சவள். அந்த லைப்ரரியில ஸ்கேற்றிங்கைப் பற்றி இருந்த புத்தகம் எல்லாம் வாசிச்சு, கீழ சுத்துற பிள்ளையளைப் பாத்து, இவள் எங்க பிழை விட்டவள், அவள் ஏன் விழுந்தவள் எண்டு யோசிச்சு யோசிச்சு எல்லாம் தலைக்குள்ள முடிச்சுப்போட்டுத்தான் ஐஸில கால் வைச்சவள். அங்க பழக்கிற ரீச்சர், வேரா எண்டு ஒரு வெள்ளைக்காரி, இவள் முந்தி எங்கயோ பழகியிருக்கிறாள் எண்டுதான் நினைச்சவவாம்.

எங்களுக்குத் தெரியவர, வீட்டில பெரிய சண்டை. இவர் கை நீட்டாத மனுசன், அண்டைக்குக் கதிரையைத் தூக்கி எறிஞ்சவர். எனக்குப் படிப்புப் போகுதெண்டு மட்டுமில்லைத் தங்கச்சி, உமக்குச் சொல்லுறதுக்கென்ன, அந்த உடுப்பு. அவ்வளவு சனத்துக்கு முன்னால காலைத் தூக்கிக்கொண்டு சுத்துறது. காற்சட்டை மாதிரித் தோல் நிறத்தில உள்ளுக்குப் போட்டிருக்கிறம் அம்மா, எல்லாம் மூடித்தான் கிடக்கெண்டு கொண்டுவந்து காட்டினாள். மூடிக் கிடந்தால் ஏன் தோல் நிறத்தில போடுவான் எண்டு கேட்டன். எனக்குப் பயம். இண்டைக்கு உடுப்பு, நாளைக்கு ஒரு பெடியன், பிறகு எங்கட கையை விட்டுப் போய்விடும். போகக்கூடாதெண்டு சொல்லிப்போட்டன். அவள் அழேல்லை, சத்தம் போடேல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாய் இருந்தது.

அப்பத்தான் நவராத்திரி வந்தது. நான் ஒருநேரம் இருந்தனான். முதல் நாள் காலமை, அம்மா நானும் பிடிக்கட்டோ எண்டு கேட்டாள். எனக்கு நம்பேலாமல் போச்சு. கோயிலுக்கு வா எண்டால் காதில மாட்டிக்கொண்டு காருக்குள்ளேயே இருக்கிற பிள்ளை. ஒன்பது நாளும் பிடிச்சவள். தோய்ஞ்சு, திருநீறு பூசி, எனக்குப் பக்கத்தில இருந்து சகலகலாவல்லிமாலை படிச்சவள், கனடாவில பிறந்த பிள்ளை, ஒரு சொல் பிசகாமல். அண்டைக்கு நான் சாமியறைக்குள்ள இருந்து அழுதனான். சந்தோசத்திலதான்.

அந்த மனக்குளிர்ச்சியில விஜயதசமி அண்டு அவளைக் கூப்பிட்டுச் சொன்னன். பிள்ளை, நீ இப்பிடிச் சாமி பயத்தோட இருக்கிறதெண்டால் ஸ்கேற்றிங்குக்குப் போ, நான் அப்பாவோட கதைக்கிறன் எண்டு. ஏனெண்டால் விரதம் பிடிக்கிற பிள்ளை கெட்டுப்போகாது. அவள் என்ர முகத்தைப் பாத்தாள். பிறகு, அம்மா அடுத்தது என்ன விரதம் எண்டு கேட்டாள்.

எனக்குத் தெரியாத விரதமே? கேதாரகௌரி எண்டன். பிடிச்சாள். பிறகு கந்த சஷ்டி. பிறகு பிள்ளையார் கதை. மார்கழியில திருவெம்பாவை, பிறகு சிவராத்திரி. இடையில வெள்ளிக்கிழமை, ஆடிச் செவ்வாய், புரட்டாதிச் சனி. தமிழ்க் கடையில தந்த கலண்டரைத் தன்ர அறையில கொண்டுபோய்க் கொழுவினாள். ஒருக்கால் நான் மறந்துபோய் ஏகாதசியில புட்டு அவிச்சுப்போட்டன், அம்மா இண்டைக்கென்ன நாள் எண்டு அவள் எனக்குச் சொல்லுறாள். வெக்கமாய்ப் போச்சு. பள்ளிக்கூடத்துப் படிப்பை எப்பிடிப் படிப்பாளோ அப்பிடியே இதையும் படிச்சவள். அரைகுறை எண்ட கதையே அவளிட்ட இல்லை. போகப்போக, நான் பாலும் பழமும் எண்டால் அவள் பால். நான் ஒருநேரம் எண்டால் அவள் இளநீர்.

ஸ்கேற்றிங்கிலயும் நல்ல முன்னேற்றம் எண்டு சொன்னவை. உடம்பு லேசானால் பாயிறது சுகமாம், காத்தில கூட நேரம் நிக்கலாமாம். விரதத்தால அதுக்கும் நன்மை எண்டு நான் இவருக்குச் சொல்லிச் சிரிச்சனான். ஒருநாள் நானே போய்க் கண்ணாடிக்குப் பின்னால நிண்டு பாத்தன். கையை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு நிண்ட இடத்தில சுத்துறாள். முகம் தெரியேல்லை. என்ர பிள்ளைதானோ எண்டு ஒருக்கால் யோசிச்சுப்போட்டன்.

ஓம், கை குளிர்தான். நீர் எப்ப பிடிச்சுப் பாத்தனீர்? மேல வரிசையில நிக்கேக்கயோ? ஐஸில நிக்கிற பிள்ளைக்குக் கை குளிராமல் என்ன செய்யும். வீட்டிலயும் சுவெற்றர் கழட்டமாட்டாள். கையெல்லாம் பூனைமயிர் மாதிரி மெல்லிசாய் முளைச்சுக் கிடக்கு, அது என்ர அம்மாவின்ர வழி. தலைமயிர் கொட்டுறதுதான் கவலை. குளியலறை ஓட்டையில ஒவ்வொரு நாளும் ஒரு பிடி அள்ளுவன். அது இந்த ரொறொன்ரோத் தண்ணி. உமக்கும் கொட்டுமே? கொட்டாதோ? அப்ப நீர் குடுத்துவைச்ச ஆள்.

அந்த வேராதான் ஒருநாள் என்னை வரச் சொல்லி விட்டவ. போனன். என்ர இங்கிலீசு பேக்கரியில பாண் விக்கிறதுக்குத்தான் காணும், அதால ஆரபிதான் நடுவில நிண்டு சொன்னவள். மனுசி கனநேரம் கதைச்சவ. கையைக் காட்டி, என்னைக் காட்டி, பிள்ளையின்ர தோளைத் தொட்டு, கடைசியில கண்ணெல்லாம் கலங்கிப்போச்சு அவவுக்கு. என்ன பிள்ளை சொல்லுறா எண்டு கேட்டன். நல்லாய்ச் சுத்துறனாம், ஆனா விரதம் ஏன் பிடிக்கிறாய் எண்டு கேக்கிறா எண்டாள். அவ்வளவுதான். அவ்வளவு நேரம் கதைச்சதுக்கு ஒரு வரி.

எனக்கு வந்துதே கோவம். எங்கட விரதத்தைக் கேக்கிறதுக்கு இவ ஆர்? தெரிஞ்ச இங்கிலீசில நானே சொன்னன், திஸ் இஸ் அவர் றிலிஜன் எண்டு. அந்தச் சொல்லோட மனுசி அடங்கிப்போனா. பிறகு பள்ளிக்கூடத்தில இருந்தும் போன் எடுத்தவை, மத்தியானம் சாப்பிடுறாளில்லையாம், வகுப்பில நித்திரையாம். அவைக்கும் அதைத்தான் சொன்னன். சமயம் எண்டால் இந்த நாட்டில ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம் தங்கச்சி. நல்ல சட்டம். நீரும் தெரிஞ்சு வைச்சிரும்.

ஏன் முகம் ஒரு மாதிரிப் போகுது? பசியோ? இப்ப திறந்துபோடுவினம்.

சரி, உமக்கு ஒண்டு சொல்லுறன், நேர்ஸ் எண்டபடியால் சொல்லுறன். கிட்ட வாரும், ஆம்பிளையள் இருக்கினம். பொம்பிளைப் பிள்ளையள் தொடர்ச்சியாய் விரதம் பிடிக்கிறதெண்டால் என்ன கரைச்சலெண்டு உமக்குத் தெரியுந்தானே. நடுவில மாசத் துடக்கு வந்துபோடும், அதோட எல்லாம் குழம்பிப்போடும். நான் எத்தினை கேதாரகௌரியை அப்பிடி விட்டிருக்கிறன். ஆனால் இவளுக்கு, நீர் நம்பமாட்டீர், திருவெம்பாவைக்குப் பிறகு அது வாறதே இல்லை. முற்றாய் நிண்டுபோச்சு. முதல் நானும் யோசிச்சனான். பிறகுதான் விளங்கிச்சுது. தன்னைக் கும்பிடுற பிள்ளைக்குத் தடங்கல் வேண்டாமெண்டு முருகனே தள்ளி வைச்சிருக்கிறார். இதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, இவருக்குக்கூட. சொன்னால் கண்படும். என்ர வயித்தில பிறந்த பிள்ளைக்கு இப்பிடி ஒரு அருள் கிடைச்சிருக்கெண்டு நினைக்கேக்க, வேலையில பாண் அடுக்கிக்கொண்டு நிக்கேக்ககூட எனக்கு மெய் சிலிர்க்கும்.

ஏன் மாசக் கணக்குக் கேக்கிறீர்? என்ன கதை கதைக்கிறீர் நீர்? அப்பிடிப்பட்ட பிள்ளையில்லை அவள். ஒரு பெடியனை நிமிர்ந்து பாக்கமாட்டாள்.

அதைக் கேக்கேல்லையோ. அப்ப எதைக் கேக்கிறீர்?

இல்லை, மயங்கி விழேல்லை. ஒருக்கால் குசினி அடுப்படியில அப்பிடியே நிலத்தில இருந்திட்டாள், அவ்வளவுதான். எழும்பேக்க தலை சுத்திச்சுதாம். அண்டைக்குச் சிவராத்திரி, நித்திரை முழிச்சது. நெஞ்சு படபடக்கிறதெண்டு ஒருக்கால் சொன்னவள்தான், சோதினைப் பயம் எண்டு நான் தேத்தண்ணி போட்டுக் குடுத்தன். குடிச்சாளோ தெரியாது. கோப்பை நிரம்பத்தான் கிடந்தது. இதெல்லாம் ஏன் துருவித் துருவிக் கேக்கிறீர்?

கேளும் தங்கச்சி, நீர் படிச்ச ஆளாய் இருக்கலாம். நேர்ஸுக்கு எல்லாம் நோய் வருத்தமாய்த்தான் தெரியும். இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும் எண்டு பாரணை நாளில, அதுவும் கோயிலுக்குள்ள இருந்துகொண்டு ஒரு தாயைப் பாத்துச் சொல்லுறீரே, இது நல்லதோ? மேல மூலஸ்தானத்தில முருகன் இருக்கிறார். அவருக்காக இருக்கிற பிள்ளையை அவர் விட்டுடுவாரோ? நான் உம்மோட மரியாதையாய்க் கதைச்சனான். நீர் வேற இடம் பாத்து இருக்கிறதெண்டாலும் எனக்கு ஒண்டுமில்லை.

அழாதையும். நீர் ஏன் அழுகிறீர்? உமக்கு ஆர் அப்பிடி இருந்தவை? தங்கச்சியோ? கூடப் பிறந்த தங்கச்சியோ?

அவள் சாகேக்க என்ன வயசு?

ம்.

சரி விடும். கண்ணைத் துடையும். அது வேற, இது வேற. உங்கட அந்தத் தங்கச்சி விரதம் பிடிச்சவளே? இல்லைத்தானே. அதைத்தான் சொல்லுறன். அது வேற.

மணி கேக்குது. முடிஞ்சுது. திறக்கினம், மணக்குது பாரும். கத்தரிக்காய்க் குழம்பு. ஆறு நாளைக்குப் பிறகு இந்த மணம் மணக்கேக்க உயிர் வருது. பாரணை எண்டால் அதுதான், விரதத்தை முடிச்சு வைக்கிற சாப்பாடு. இதைச் சாப்பிட்டால்தான் பிடிச்சதுக்குப் பலன். சாப்பிடாட்டி எல்லாம் வீண் எண்டு எங்கட ஊர் ஐயரே சொல்லுவார். அதால நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். இப்ப வந்து இதில இருந்து என்ர பிள்ளை வயிறு முட்டச் சாப்பிடுறதை நீரே உம்மட கண்ணால பாரும்.

வந்திட்டாள். ஆரபி, இங்க பிள்ளை. மெல்ல இறங்கு, படியில பிடிச்சுக்கொண்டு வா. ஏன் அந்த மாமி இவளின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வாறா? நடக்கத் தெரியாதே அவளுக்கு? வா, இதில இரு. இந்த அன்ரி நேர்ஸ், உன்னைத்தான் கேட்டுக்கொண்டு இருந்தவ. என்ன, அன்ரியைப் பாத்தவுடன கையை உள்ளுக்கு இழுக்கிறாய்?

நீர் பிடிச்சுப் பாரும், பாக்கிறதெண்டால். எனக்கொரு பயமுமில்லை. மணிக்கூட்டைப் பாத்து என்ன எண்ணுறீர்?

சோறு போட்டாச்சு. பருப்பும் போடட்டும். எடு பிள்ளை. ஏன் தட்டைப் பாத்துக்கொண்டு இருக்கிறாய்? சரி, விடு. நான் குழைச்சுத் தாறன், சின்னனில தாறமாதிரி. கத்தரிக்காய் கனக்க வேண்டாம், இந்தா, சின்ன உருண்டைதான். ஆ சொல்லு. ஆரபி. வாயைத் திற.

வெக்கப்படுறாள் தங்கச்சி, வளர்ந்த பிள்ளைக்கு ஊட்டுறன் எண்டு. பிள்ளை, எல்லாரும் பாக்கினம். அங்க பார், ஐயரின்ர மகளும் சாப்பிடத் தொடங்கிட்டாள். ஒரு வாய். ஒரே ஒரு வாய், அம்மாவுக்காக. விரதம் முடிஞ்சுது பிள்ளை.

ஏன் பிள்ளை அழுகிறாய்? என்னெண்டு சொல்லு. சத்தமாய்ச் சொல்லு, எனக்குக் கேக்கேல்லை.

என்ன?

தங்கச்சி, இவள் என்ன சொல்லுறாள் எண்டு கேட்டனீரோ? பாரணை வரட்டும், பாரணை வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தவளாம். வந்தால் சாப்பிடுவன் எண்டு நினைச்சவளாம். நிப்பாட்டத் தெரியேல்லையாம். தெரியேல்லை அம்மா, தெரியேல்லை அம்மா எண்டு சொல்லுறாள். இவள் பிறந்ததில இருந்து ஒரு விசயத்தைத் தெரியேல்லை எண்டு சொல்லி நான் கேட்டதில்லை.

இல்லைப் பிள்ளை, ஐயர் சொல்லிப்போட்டார் எல்லோ, முடிஞ்சுது. இனி ஒரு விரதமும் இல்லை. அந்தக் கலண்டரை நான் கிழிச்சு எறியிறன். ஸ்கேற்றிங்குக்குப் போ, எங்க வேணுமெண்டாலும் போ, நான் ஒண்டும் சொல்லமாட்டன். அம்மா சொல்லுறன், சாப்பிடு. நான் சொல்லித்தானே தொடங்கினனீ. நான் சொல்லுறன், காணும்.

ஆரபி. இங்க என்னைப் பார். கண்ணை மூடாதை. தங்கச்சி, இவள் ஏன் என்னில சாயிறாள்? ஒரு பாரமும் இல்லையே. என்ர பிள்ளை என்னில சாய்ஞ்சு கிடக்கிறாள், எனக்கு ஒரு பாரமும் தெரியேல்லை.

தங்கச்சி, உம்மட காரை எங்க விட்டிருக்கிறீர்?